மாதாவுக்குப் போட்ட வளைகாப்பு

1

இந்த டிசம்பரில் எங்கள் வீட்டுக்கு ஒரு நிறைமாதக் கர்ப்பிணி வந்து ஒரு ராத்திரி தங்கிப் போவதாக ஏற்பாடு. வருகிறவர் மாதா. முழங்கை உயரம், மரத்தில் செதுக்கியது, நீல முக்காடு, வயிற்றின் மேல் சேர்த்து வைத்த இரண்டு கைகள். நாங்கள் இருக்கும் தெற்கு ஜெர்மனியில் இது பழைய வழக்கம். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரமான திருவருகைக் காலம் தொடங்கியதும் கோயிலில் இருந்து இந்தச் சொரூபத்தை எடுத்து ஒரு வீட்டில் கொடுப்பார்கள். அந்த வீட்டார் ஒரு ராத்திரி வைத்திருந்து, ஜெபம் சொல்லி, மறுநாள் சாயங்காலம் தாங்களே சுமந்துகொண்டு போய் அடுத்த வீட்டில் சேர்க்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அவர் கோயிலுக்குத் திரும்பியாக வேண்டும். குடிலில் அவருக்கு வேலை இருக்கிறது.

பல வருஷமாக மாதா எங்கள் தெருவுக்கு வருவார், எங்கள் வீட்டுக்கு வரமாட்டார். யாருக்கும் எங்கள் மேல் பகை இல்லை. கோயிலின் பின்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருப்பார்கள். விருப்பப்படுகிறவர்கள் பெயர் எழுத வேண்டும். நான் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். நம் ஊரில் கதவைத் தட்டி, "செவ்வாக்கெழம ஜெபமாலை உங்க வீட்லங்க, சுண்டல் மட்டும் போதும்" என்று சொல்லிவிட்டுப் போவார்களே, அந்தப் பழக்கம். இங்கே யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் தொந்தரவாக இருக்குமோ என்று அவர்களும் காத்திருக்கிறார்கள்.

இந்த வருஷம் ஸ்டெல்லாவே போய் அந்தத் தாளில் எங்கள் பெயரை எழுதிவிட்டு வந்தாள். ஸ்டெல்லா என் மனைவி. முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை. ஏன் எழுதினாய் என்று நான் கேட்கவில்லை. செப்டம்பரிலிருந்து எங்கள் வீட்டில் ஏன் என்ற கேள்வியைக் குறைத்துக்கொண்டிருக்கிறோம்.

செப்டம்பரில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு ஒரே மகள், ஜெனி. நாங்கள் இந்த நாட்டின் தெற்கு மூலையில் இருக்கிறோம், அவள் வடக்கு மூலையில், ஹாம்பர்க்கில். அங்கே லூக்காஸ் என்ற பையனோடு ஒரே வீட்டில் இருக்கிறாள். நற்செய்தி எழுதியவரின் பெயர்தான், ஆனால் ஞானஸ்நானம் வாங்காதவன். செப்டம்பரில் அவள் தனியாக ரயிலேறி வந்து, மதியச் சாப்பாட்டின் நடுவில், தான் உண்டாகியிருப்பதாகச் சொன்னாள். கல்யாணம் எப்போது என்று ஸ்டெல்லா கேட்டாள். அப்படி ஒரு யோசனையே இல்லை என்றாள் ஜெனி.

"கோயில்ல வச்சி தாலி கட்டிட்டு அப்பறமா இந்த வாசப்படிய மிதி," என்றாள் ஸ்டெல்லா.

"அப்ப வரல," என்றாள் ஜெனி. தட்டில் சாம்பார் சாதம் பாதி இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டு பேருமே சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர்கள். வேறு குடும்பமாக இருந்தால் இதைப் பெருமையாகச் சொல்லலாம். அன்றிலிருந்து இருவரும் பேசிக்கொள்ளவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஜெனி வருவாளா மாட்டாளா என்பதுதான் இந்த டிசம்பரில் எங்கள் வீட்டில் இருந்த ஒரே கேள்வி. அதையும் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

2

எங்கள் ஊர் திருவண்ணாமலை. வீடு வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்பக்கம். அங்கே திருவருகைக் காலம் தொடங்குவதும் தீபத் திருவிழாவும் அநேகமாக அடுத்தடுத்து வரும், சில வருஷம் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். கோயிலில் முதல் மெழுகுவர்த்தி ஏற்றுகிற வாரம் ஊரே மலை உச்சியைப் பார்த்துக்கொண்டு நிற்கும். பஸ்ஸை எல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். பங்குத் தந்தை பிரசங்கத்தின் கடைசியில், "மனம் திரும்புங்கள், ஆண்டவர் வருகிறார். வெள்ளிக்கிழமை பூசை கிடையாது, ரோடு அடச்சிருப்பாங்க" என்று ஒரே மூச்சில் அறிவிப்பார். எங்களுக்கு அதில் முரண்பாடு எதுவும் தெரிந்ததில்லை. வாரத்துக்கு ஒன்றாக ஏற்றுகிற நான்கு மெழுகுவர்த்தி வைக்கிற வளையத்தை ஒரு பழைய சைக்கிள் ரிம்மில் சவுக்குத் தழை சுற்றிச் செய்வோம். தீபம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகுதான் கேரல் பாடக் கிளம்புவோம்.

ஒரு வருஷம் கிறிஸ்துமஸ் பௌர்ணமியை ஒட்டி வந்துவிட்டது. கிரிவலப் பாதையில் இருக்கிற அடி அண்ணாமலையில் எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த சில குடும்பங்கள் இருந்தன. சாயங்காலமே போய்ப் பாடிவிட்டு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டோம். கிறிஸ்துமஸ் தாத்தா நான். உடுப்பைத் தைத்தவர் எங்கள் தெரு இஸ்மாயில் பாய். சிவப்புத் துணி கம்மியாகப் போய்விட்டதால் முதுகுப் பக்கம் மட்டும் ஷாமியானா துணி. பாடி முடித்து வெளியே வந்தால் கிரிவலக் கூட்டம் ரோட்டை நிறைத்துக்கொண்டு வருகிறது. வந்த வழியே திரும்ப வேண்டுமானால் அத்தனை பேருக்கும் எதிரே நடக்க வேண்டும்.

"திரும்பல்லாம் முடியாது. சுத்தியே போயிடலாம்," என்றது ஒரு பெண் குரல். கேரல் குழுவில் ஜால்ரா தட்டுகிற ஸ்டெல்லா. எனக்கு அப்போது அவளைப் பெயரளவில்தான் தெரியும்.

ஆகவே கிறிஸ்துமஸ் தாத்தா கிரிவலம் போனார். ஜனங்கள் வழி விட்டார்கள். ஒரு அம்மாள் காலைத் தொட்டுக் கும்பிட்டு, "சாமி எந்த ஆசிரமங்க?" என்று கேட்டார். வேங்கிக்கால் என்றேன். வழியில் அன்னதானப் பந்தலில் தொன்னையில் புளியோதரை கொடுத்தார்கள். முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சாப்பிட்டேன். யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. அந்த ஊரில் இதைவிட விசித்திரமான உடுப்போடு எத்தனையோ பேர் நடக்கிறார்கள். முழு வட்டமும் முடிந்து டெம்போவைப் பிடிக்கிறபோது, "சொன்னேன்ல?" என்றாள் ஸ்டெல்லா. ஒரு முடிவு எடுத்துவிட்டால் திரும்புகிற பேச்சு அவளிடம் கிடையாது என்பதை நான் கல்யாணத்துக்கு முன்பே அறிந்தவன். புகார் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் திருவருகைக் காலத்தில் கல்யாணம் செய்வதில்லை. முதல் ஞாயிற்றுக்கு முந்தின வாரமே அவசரக் கல்யாணங்கள் எல்லாம் முடிந்துவிடும். இந்த வருஷம் அந்த ஞாயிறு வரைக்கும் ஸ்டெல்லா ஒவ்வொரு சாயங்காலமும் போனை மேஜைமேல் தன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். ஞாயிறு வந்தது. கோயிலில் முதல் மெழுகுவர்த்தியை ஏற்றினார்கள். அன்று சாயங்காலம் போனை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுவிட்டாள்.

3

இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய வாரம் நகராட்சி அலுவலகத்தில் பதியப் போனேன். பெயர் கேட்டார்கள், பிறந்த தேதி கேட்டார்கள், அடுத்ததாக மதம் கேட்டார்கள். கத்தோலிக்கன் என்றேன். அந்த அம்மாள் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டார். அடுத்த மாதத்திலிருந்து சம்பளத்தில் கோயில் வரி தானாகப் பிடித்தம் ஆனது. இருபது வருஷத்துக்கு மேலாகிறது, ஒரு மாதம் கூடத் தவறியதில்லை. நம் ஊர்ப் பங்குத் தந்தைகளிடம் இதைச் சொன்னால் இன்னொரு தரம் சொல்லச் சொல்கிறார்கள்.

சேர்வதற்கு அலுவலகம் இருப்பது போல விலகுவதற்கும் உண்டு. ஜெனி வேலைக்குப் போன முதல் வருஷமே அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டு வெளியேறிவிட்டாள். கோபமெல்லாம் இல்லை. அவள் தோழிகளும் அப்படித்தான் செய்தார்களாம். ஸ்டெல்லாவுக்கு இது தெரிய வந்தபோது, "மாதா உன் பேர எந்த ஆபீஸ்லயும் அடிக்க மாட்டாங்க" என்று மட்டும் சொன்னாள். ஆனால் அலுவலகம் அடித்துவிட்டது. ஸ்டெல்லா கேட்கிற மாதிரி கோயிலில் தாலி கட்ட வேண்டுமானால் ஜெனி முதலில் திரும்பச் சேர வேண்டும். அதற்கு வேறு ஒரு இடம், வேறு ஒரு ஜன்னல்.

மொழியும் இப்படித்தான். ஜெர்மனில் 'நீ'யும் உண்டு, 'நீங்க'ளும் உண்டு என்று கேட்டதும் நமக்குப் பழக்கமான விஷயம் என்று சந்தோஷப்பட்டோம். ஆனால் யாருக்கு எது என்பதில் இவர்கள் கணக்கு வேறு. ஆண்டவருக்கு 'நீ', கடையில் பால் பாக்கெட்டுக்குப் பில் போடுகிற சின்னப் பெண்ணுக்கு 'நீங்கள்'. முதல் வருஷம் ஸ்டெல்லா முதியோர் இல்லத்து டாக்டரை 'நீ' என்றும் அங்கே திரிகிற பூனையை 'நீங்கள்' என்றும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பூனை ஆட்சேபிக்கவில்லை.

ஜெனிக்கு இந்தக் குழப்பம் எதுவும் கிடையாது, அவள் இங்கே பள்ளிக்கூடம் போனவள். அவளுடைய தமிழ்தான் எங்கள் இரண்டு பேரிடம் மட்டும் கற்றுக்கொண்டது. அதனால் அது நாங்கள் விமானம் ஏறிய வருஷத்து வேங்கிக்கால் தமிழாக அப்படியே நின்றுவிட்டது. 'குளிர் ஜாஸ்தி, உப்பு கம்மி' என்பாள். ஊருக்குப் போனால் அவள் வயசுப் பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். அவளுக்கு ஏனென்று புரிவதில்லை.

அவளோடு நான் பேசுவது ஞாயிற்றுக்கிழமைகளில். பூசை முடிந்து வந்ததும் கீழே நிலவறைக்கு சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போவேன். இரண்டு சக்கரத்துக்கும் காற்றடிக்க எனக்கு அரை மணி நேரம் ஆகும். "ஸ்வெட்டர் போட்டுக்கினு போங்க, கீழ குளிரும்," என்பாள் ஸ்டெல்லா. திரும்பி வந்தால் சட்டியைக் கிளறிக்கொண்டே, "காத்து நிக்குதா?" என்று கேட்பாள். "நிக்குது," என்பேன். ஜெனி நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம். பிள்ளை மார்ச்சில் பிறக்கும் என்று டாக்டர் சொன்னதாக ஜெனி என்னிடம் சொன்னாள். இதைக் காற்றுக் கணக்கில் சொல்ல வழி தெரியாததால் ஸ்டெல்லாவிடம் சொல்லவில்லை. டிசம்பர் இரண்டாம் ஞாயிறு, "கொஞ்சம் கம்மியாத்தான் இருக்குது," என்றேன். ஜெனிக்கு அன்று கால் வீங்கியிருந்தது. அன்று ஸ்டெல்லா சாப்பிடவில்லை.

4

மூன்றாம் வாரம் புதன்கிழமை சாயங்காலம் மாதா வருவதாக முறை. அன்று காலையில் ஸ்டெல்லா வேலைக்குப் போகவில்லை. நான் பேக்டரியிலிருந்து வந்தபோது அடுப்படியில் புளி சாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம், சர்க்கரைப் பொங்கல் என்று வரிசையாக மூடி வைத்திருந்தது.

"யார் வர்றாங்க?" என்றேன்.

"அட்டவணை உங்க போன்லயும்தான வந்துச்சி?"

"மாதாவுக்கா இவ்ளோ?"

"முழுகாம இருக்கற பொண்ணு வீட்டுக்கு வருது. ஒரு மெழுகுவத்திய ஏத்தி வச்சிட்டு மொகத்தப் பாத்துக்கினு உக்காந்திருப்பாங்களா?"

திருவருகைக் காலத்தில் விசேஷம் செய்யலாமா என்று கேட்டுப் பார்த்தேன். "கல்யாணத்துக்குத்தான் தடை. வளைகாப்புக்கு எந்தச் சாமியார் தடை சொல்லியிருக்காரு?" என்றாள். யோசித்துப் பார்த்தேன். யாரும் சொன்னதில்லை.

முந்தின வீட்டுக் கணவன் மனைவி சொரூபத்தைக் கொண்டுவந்தார்கள். வாசலில் நின்று ஒரு பாட்டுப் பாடி, மாதாவை என் கையில் கொடுத்து, மெழுகுவர்த்தியைத் திரைச்சீலைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம் என்று எச்சரித்துவிட்டுப் போனார்கள். ஸ்டெல்லா மேல்வீட்டு ஃபாத்மா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். துருக்கிக்காரர், நாலு பிள்ளை பெற்றவர். இது என்ன சடங்கு என்று அவர் கேட்கவில்லை. பட்டு முக்காடு போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

வளையல் பெட்டியை ஸ்டெல்லா அலமாரிக்கு மேலிருந்து எடுத்தாள். சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல். போன தடவை ஊருக்குப் போனபோது தேரடித் தெருவில் வாங்கியது. ஜெனியின் கல்யாணத்துக்கு என்று வாங்கி, உடையாமல் இருக்க என் வேட்டிகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்தது. இப்போது ஒரு சிக்கல். மாதாவின் கைகள் வயிற்றோடு சேர்த்துச் செதுக்கப்பட்டவை. வளையல் நுழைய வழியில்லை.

ஸ்டெல்லா இதற்கெல்லாம் கலங்குகிறவள் இல்லை. அவள் வளர்ந்த வீடு பெரிய கோயில் மதிலுக்கு எதிர்ச் சந்தில். ஆடிப் பூரத்தன்று அம்மனுக்கு வளைகாப்பு நடக்கும். சாத்திய வளையலைப் பக்கத்து வீட்டு அம்மாள் இவளுக்கும் ஒரு ஜோடி கொண்டுவந்து கொடுப்பார். இவளுடைய அம்மா வாங்கி மேஜை இழுப்பறையில் வைப்பார், இவள் எடுத்துப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விடுவாள். அங்கே வளையலை மாலையாகக் கட்டித்தான் சாத்துவார்கள். ஸ்டெல்லா சிவப்பு நூலை எடுத்தாள். ஒவ்வொரு வளையலாகக் கோத்து, மாதாவின் கழுத்தில் போட்டாள். கன்னத்தில் சந்தனம் பூசப் போனவளை, வர்ணம் போய்விடும், பங்குக்கு நான் பதில் சொல்ல வேண்டும் என்று தடுத்தேன். பாதத்தில் பூசினாள். ஃபாத்மா அம்மாவும் பூசினார். அவர் தன் மொழியில் ஏதோ சொல்லி மாதாவின் வயிற்றை ஒரு தரம் தடவிக் கொடுத்தார்.

பிறகு ஸ்டெல்லா சர்க்கரைப் பொங்கலைக் கொஞ்சம் விரலால் எடுத்து அந்த மரவாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், "கொஞ்சம் சாப்புடு," என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் கையை இறக்கவில்லை. அந்த ஐந்து சாதமும் யாருக்காகச் செய்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. என்ன செய்வது என்று தெரியாமல் போட்டோ எடுத்தேன். அன்று படுக்கப் போகும் முன் அதை ஜெனிக்கு அனுப்பினேன். நல்லதா கெட்டதா என்று யோசிக்கவில்லை.

5

மறுநாள் சாயங்காலம் மாதாவை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அடுத்த வீடு ஃபிரௌ ஹூபருடையது. ஃபிரௌ என்றால் திருமதி. பள்ளி அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், இந்த அட்டவணையைப் போட்டவரும் அவரே. பேரப்பிள்ளைகளை வரவழைத்து, பிஸ்கட் சுட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் சொரூபத்தைத் தூக்கப் போனேன்.

"எங்க தூக்கறீங்க?" என்றாள் ஸ்டெல்லா.

"ஹூபர் வீட்டுக்கு."

"வளையல் போட்ட பொண்ண இன்னொரு வீட்டுக்கு அனுப்புவாங்களா? வளைகாப்பு முடிஞ்சா அம்மா வீட்டுக்குத்தான் போவணும்."

"அதுக்கு இப்ப என்ன பண்றது?"

"அம்மா வீட்ல கொண்டு போய் உடுங்க. இல்லனா இங்கயே இருக்கட்டும். நான் பாத்துக்கறேன்."

மாதாவின் அம்மா அன்னம்மாள். அவர் பெயரில் பக்கத்தில் கோயில் இருக்கிறதா என்று போனில் தேடிப் பார்த்தேன். இருந்தது, ஆனால் வேறு பிஷப்பின் மறைமாவட்டத்தில். மாதாவை மறைமாவட்டம் தாண்டிக் கொண்டுபோக யார் அனுமதி கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. ஃபிரௌ ஹூபரைக் கூப்பிட்டு, எங்கள் ஊர் முறைப்படி சிறிய தடை ஒன்று ஏற்பட்டிருப்பதாகச் சொன்னேன். அவர் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். பிரசவம் வரைக்கும் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் பங்கின் வாட்ஸப் குழுவில், மாதா தாமதமாக வருவார் என்று அறிவிப்பு வந்தது. இந்த நாட்டு ரயில்வேயும் இதே வார்த்தையில்தான் எழுதும்.

வியாழக்கிழமை சைக்கிளுக்குக் காற்றடிப்பது வழக்கமில்லை. ஆனாலும் கீழே போனேன். ஜெனியே கூப்பிட்டாள்.

"அம்மா யாருக்குப்பா வளையல் போட்டிருக்காங்க?"

"மாதாவுக்கு."

"கட்டையில செஞ்ச பொண்ணுக்குப் போடுவாங்க. எனக்குப் போட மாட்டாங்க."

காற்றடிக்கிற பம்பைக் கீழே வைத்தேன்.

"அவங்களும் கல்யாணத்துக்கு முன்னாடிதானப்பா உண்டானாங்க? அத யாரும் கேக்கலியா?" என்றாள். குரல் உடைந்திருந்தது. "நீ போட்டோ அனுப்பியிருக்கக் கூடாதுப்பா." வைத்துவிட்டாள்.

மேலே வந்தேன். "காத்து?" என்றாள் ஸ்டெல்லா. "எறங்கிப் போச்சி," என்றேன். என் மகளை நான் இன்னும் தூரமாகத் தள்ளிவிட்டேன் என்று பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பங்குத் தந்தை சைக்கிளில் வந்தார். ஃபாதர் எமேகா, நைஜீரியாக்காரர். ஃபிரௌ ஹூபர் அனுப்பியிருக்கிறார் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும், யாரும் அதைப் பேசவில்லை. மாதா மேஜை மேல் வளையல் மாலையோடு நின்றிருந்தார். ஸ்டெல்லா மிச்சமிருந்த புளி சாதத்தைச் சூடு பண்ணி வைத்தாள். அவர் சாப்பிட்டு முடித்துத்தான் விஷயத்துக்கு வந்தார். ஸ்டெல்லா தன் ஜெர்மனில் எல்லாவற்றையும் சொன்னாள். வளையல், சாதம், அம்மா வீடு. ஜெனியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஃபாதர் சிரிக்கவில்லை. நான் அதற்காக அவரை ரொம்ப நாள் நினைவில் வைத்திருப்பேன்.

"எங்கள் ஊரில் வேறு முறை," என்றார். "பிள்ளைப்பேறு சமயத்தில் மகள் அம்மாவிடம் போகமாட்டாள். அம்மாதான் மகள் வீட்டுக்குப் போவாள். என் அக்காவின் ஒவ்வொரு பிள்ளைக்கும் எங்கள் அம்மா பெட்டியைக் கட்டிக்கொண்டு போனாள்."

"கூப்பிடாமலா?" என்றாள் ஸ்டெல்லா.

"யாராவது அம்மாவைக் கூப்பிடுவார்களா? வந்து வாசலில் நிற்பாள்."

ஸ்டெல்லா தட்டை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். "உங்கள் அக்கா வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர்?"

"அம்மாவுக்கு அவரைப் பிடிக்காது. கடைசி வரைக்கும் பிடிக்கவில்லை," என்றார் ஃபாதர். "ஆனாலும் ஐந்து பிள்ளைக்கும் போனாள்."

ஸ்டெல்லா எழுந்தாள். கேட்காமலேயே அவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டி புளி சாதம் வைத்தாள். உள்ளே போய்த் தன் கம்பளிச் சால்வையைக் கொண்டுவந்து மாதாவைச் சுற்றினாள், வளையல் மாலை வெளியே தெரிகிற மாதிரி. "நடங்க, அந்தம்மா காத்திருப்பாங்க," என்றாள் என்னிடம். ஃபிரௌ ஹூபர் வீடு வரை அவளே சுமந்து வந்தாள். வாசலில் ஃபிரௌ ஹூபர் வளையலைப் பார்த்துவிட்டு, கழற்றிக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம், பிள்ளை பிறக்கிற வரை கழற்றக் கூடாது என்றாள் ஸ்டெல்லா. ஃபிரௌ ஹூபர் உடனே போனை எடுத்துக் குறித்துக்கொண்டார். அடுத்தடுத்த வீடுகளுக்கும் அந்த விதியைச் சேர்த்து அனுப்பியிருக்கிறார் என்று பிறகு பார்த்தேன்.

அன்று ராத்திரி ஸ்டெல்லா பெரிய பெட்டியை இறக்கினாள். முதியோர் இல்லத்தில் லீவு சொல்லிவிட்டதாகச் சொன்னாள். எத்தனை நாள் என்று கேட்டேன். என் சட்டையை மடித்துக்கொண்டிருந்தவள், "உங்களுக்கு ரெண்டு நாளுக்குத் துணி போதும்ல?" என்றாள்.

6

சனிக்கிழமை நாள் பூராவும் ரயில். ஜெனியிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் வர வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். அவள் வேண்டாம் என்றால் ஸ்டெல்லா போகமாட்டாள். அதன் பிறகு இந்த இரண்டு பேரையும் எந்த ஊர் முறையாலும் சேர்க்க முடியாது. கதவைத் திறந்து முகத்தைப் பார்த்துவிட்டு மூடிவிட்டால் என்ன செய்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். ஸ்டெல்லா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தாள். மலையே இல்லாத தட்டை நிலமாக வந்துகொண்டிருந்தது. எங்கேயோ ஒரு இடத்தில், "அந்தப் பையன் காரம் சாப்புடுவானா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "கேட்டு வச்சிருக்கலாம்ல," என்றாள்.

ஹாம்பர்க்கில் மழை. ஜெனி இருப்பது நாலாவது மாடி, லிப்ட் கிடையாது. பெட்டியை நான் தூக்கினேன், பாதியில் ஸ்டெல்லா வாங்கிக்கொண்டாள். மணியை அடித்தது நான். கதவைத் திறந்தவன் லூக்காஸ். நல்ல உயரம், காலுறையில் ஓட்டை. எங்களைப் பார்த்ததும் வணக்கம் சொல்ல மறந்து உள்ளே திரும்பி ஜெனியைக் கூப்பிட்டான்.

ஜெனி வந்தாள். போனில் முகத்தைத்தான் பார்த்திருக்கிறேன். வயிறு நன்றாகத் தெரிந்தது. ஸ்டெல்லா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வயிற்றைத்தான் பார்த்தாள், பிறகு கணுக்காலைப் பார்த்தாள்.

"நாங்க கல்யாணம் பண்ணலம்மா," என்றாள் ஜெனி.

"அத நான் கேக்கல."

"இங்க ஒரே ரூம்தான் இருக்குது."

"ரோட்டு மேலயா படுக்கப் போறேன்? ஹால்ல படுத்துக்கறேன்."

"எத்தினி நாளு?"

"புள்ள பொறக்கற வரைக்கும்."

ஜெனி என்னைப் பார்த்தாள். நான் லூக்காஸைப் பார்த்தேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் ஏதோ நடந்துகொண்டிருக்கிறது என்று புரிந்து சுவரோடு ஒட்டி நின்றான்.

"அது மார்ச்சுலம்மா," என்றாள் ஜெனி.

"நீ எனக்குச் சொல்றியா? செப்டம்பர்லேர்ந்து தெனம் எண்ணிக்கினுதான் இருக்கேன்."

ஜெனிக்கு வாய் கோணியது. அழுகையை அடக்க சின்ன வயசில் செய்வது போலக் கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு ஒரு அடி முன்னால் வந்து, குனிந்து பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தாள். ஸ்டெல்லா விடவில்லை.

"நீ தூக்கக் கூடாதுடி," என்றாள்.

ஜெனியும் விடவில்லை. இரண்டு பேரும் அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்கள்.